முதலில் மெய்யியல்: உரோமையின் கிரகோரியனில் இறையியல் படிக்கப் போகிறவர்களுக்கு

உரோமை நகரின் பிலோத்தா சதுக்கத்தில் இருக்கும் கிரகோரியன் பல்கலைக்கழகத்துக்கு இறையியல் படிக்கக் கிளம்புகிறவர்களிடம் ஒரு நினைப்பு பரவலாக உண்டு. குருமடத்தில் மெய்யியல் முடித்தாகிவிட்டது, சான்றிதழும் கையில் இருக்கிறது, இனி அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை என்பதுதான் அது. முதல் பருவத்திலேயே அந்த நினைப்பு உடைந்துவிடும். கிறிஸ்து யார் என்பதை ஆராயும் கிறிஸ்தியல் வகுப்பில் பேராசிரியர் ‘இயல்பு’ என்கிறார், ‘ஆள்’ என்கிறார், இரண்டுக்கும் இடையே கோடு போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார். மாணவர் திகைக்கிறார். இத்தாலியன் சரியாகப் புரியவில்லை என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொள்கிறார். பாதி நேரம் மொழி காரணமே இல்லை. அரிஸ்டாட்டிலை மறந்துவிட்டு வந்ததுதான் காரணம்.

திருச்சபையின் உயர்கல்விப் பட்டங்கள் மூன்று சுற்றுகளாக அமைந்தவை. முதலில் பாக்கலோரியாத் என்ற இளநிலைப் பட்டம், அடுத்து லிசென்சியேட் என்ற முதுநிலைப் பட்டம், மூன்றாவதாக முனைவர் பட்டம். இவற்றை இன்று ஆளும் சட்டம் திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கையெழுத்திட்ட ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’. அதற்கு முன் 1979இல் இரண்டாம் யோவான் பவுல் கொடுத்த சட்டம் நடைமுறையில் இருந்தது. இறையியலில் முதல் சுற்று ஐந்து ஆண்டு. இரண்டு ஆண்டு மெய்யியலை முன்பே முடித்து வருபவருக்கு அது மூன்று ஆண்டாகக் குறையும். லிசென்சியேட் இரண்டு ஆண்டு. மெய்யியலைத் தனித் துறையாக எடுப்பவர்களுக்கு பாக்கலோரியாத் முன்பு இரண்டு ஆண்டாக இருந்தது. 2011 ஜனவரியில் வந்த சீர்திருத்த ஆணை அதை மூன்றாக்கியது. இறையியல் படிப்பவர்களின் மெய்யியல் அடித்தளம், அதிலும் இருப்பின் அடிப்படைகளை ஆராயும் மெட்டாபிசிக்ஸ், இளைத்துப்போய்விட்டது என்ற கவலைதான் அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கவலை நியாயமானது என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்று பாடங்களுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாரின் ‘சும்மா தியோலாஜியே’ என்ற இறையியல் தொகுப்பு நூலில் முதல் பாகம், இரண்டாம் வினா, மூன்றாம் பிரிவை எடுத்துக்கொள்வோம். கடவுள் இருக்கிறார் என்பதற்கான ஐந்து வழிகள் அங்கேதான் வருகின்றன. பிரிவின் அமைப்பை முதலில் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் எதிர்வாதங்கள், இந்தப் பிரிவில் இரண்டே இரண்டு. எல்லையற்ற நன்மை என்று ஒன்று இருந்தால் உலகில் தீமை எப்படி என்பது முதலாவது. இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்பது இரண்டாவது. பிறகு ஒரு மேற்கோள், இங்கே விடுதலைப் பயணம் 3:14. அதன்பின் ஆசிரியரின் சொந்த விடை. கடைசியில் ஒவ்வோர் எதிர்வாதத்துக்கும் தனித்தனிப் பதில். நடுவில் இருக்கும் விடையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு எதிர்வாதங்களைத் தாண்டிப் போவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியாமல் விடையைச் சுமந்து என்ன பயன்?

இரண்டாவது தவறு ஆழமானது. “எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே உலகத்துக்கும் காரணம் உண்டு, அதுவே கடவுள்” என்று முதல் வழியைச் சுருக்கிவிடுவார்கள். உடனே பேராசிரியர், “அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார்?” என்பார். வாய் அடைத்துப்போகும். அக்குவினார் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று சொல்லவே இல்லை. மாறுகிற ஒவ்வொன்றும் வேறொன்றால் மாற்றப்படுகிறது என்றுதான் சொல்கிறார். மாற்றம் என்பது இயலுமையில் இருக்கும் ஒன்று செயல்நிலைக்கு வருவது. ஏற்கெனவே செயல்நிலையில் இருக்கும் ஒன்றுதான் அதைக் கொண்டுவர முடியும். சூடாகக்கூடிய விறகைச் சூடாக்குவது ஏற்கெனவே சூடாக இருக்கும் நெருப்பு. இது அவர் தரும் உதாரணமே. அடுத்து, தொடர் முடிவில்லாமல் போக முடியாது என்கிறாரே, அது காலத்தில் பின்னோக்கிப் போகும் தொடர் இல்லை. கோல் அசைவது கை அசைப்பதால். கை நின்றால் அந்த நொடியே கோலும் நிற்கும். இப்படி இந்தக் கணத்தில் ஒன்றன்மேல் ஒன்று தங்கி நிற்கும் தொடரைத்தான் பேசுகிறார். உலகத்துக்குக் காலத்தில் தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால் ஏற்கிறோம் என்று அவரே அதே பாகத்தின் 46ஆம் வினாவில் எழுதுகிறார். இயலுமை, செயல்நிலை என்ற இரண்டு கருத்துகளும் கைவசம் இருந்தால் இந்தப் பிரிவை ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு பருவம் முழுதும் படித்தாலும் தவறாகவே புரியும்.

கிறிஸ்தியலுக்கு வருவோம். 451இல் கல்சதோனில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் ஒரே ஆள், இரண்டு இயல்புகள் என்று வரையறுத்தது. அந்த இயல்புகள் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்றும் சொன்னது. தேர்வில் இந்த நான்கையும் ஒப்பிக்காதவர் இல்லை. “கிறிஸ்துவுக்கு எத்தனை சித்தம்?” என்று கேட்டால்தான் தடுமாற்றம். விரும்பும் ஆற்றலாகிய சித்தம் ஆளுக்கு உரியது என்றால் ஒன்று. இயல்புக்கு உரியது என்றால் இரண்டு. விவிலியத்தைப் புரட்டி மட்டும் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. ஏழாம் நூற்றாண்டு முழுதும் திருச்சபை இதில்தான் தவித்தது. சித்தம் இயல்பைச் சேர்ந்தது, மனித சித்தம் இல்லாத கிறிஸ்து முழு மனிதர் ஆகமாட்டார், கெத்சமனியில் “என் விருப்பம் அல்ல” என்று சொன்னது ஒரு மனித சித்தமே என்று மாக்சிமுஸ் என்ற துறவி வாதாடினார். பேரரசரின் ஆட்கள் அவருடைய நாவையும் வலக்கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். 662இல் இறந்தார். 681இல் மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவர் சொன்னதையே திருச்சபையின் போதனையாக ஏற்றது. ஒரு மெய்யியல் வேறுபாட்டுக்காக ஒருவர் நாவையே இழந்திருக்கிறார் என்பதை நினைத்தால், அதை வெறும் தேர்வுக் கேள்வியாகக் கடந்துபோக மனம் வராது.

நற்கருணைப் பாடமும் அப்படித்தான். ஒன்று எதுவாக இருக்கிறதோ அந்தப் பொருளும், நிறம், சுவை போன்ற அதன் புறத்தன்மைகளும் என்ற பழைய வேறுபாடு தெரியாமல் திரெந்து சங்கத்தின் 1551 ஆணையைப் படிக்கவே முடியாது. தெரிந்து படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். சங்கம் அரிஸ்டாட்டிலின் ‘புறத்தன்மை’ என்ற கலைச்சொல்லை எடுக்காமல், அப்பத்தின், இரசத்தின் ‘தோற்றங்கள்’ என்று நிறுத்திக்கொண்டது. மெய்யியலைக் கருவியாகப் பயன்படுத்துகிறவர்கள் அதைக் கோட்பாட்டுக்குள் கட்டிப்போடாமல் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதை இந்த ஒரு சொல்தேர்வில் பார்க்கலாம்.

எனவே விமானம் ஏறுவதற்கு முன் மூன்று மாதம் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். இயலுமையும் செயல்நிலையும், பொருளும் புறத்தன்மையும், நான்கு காரணங்கள், சாரமும் இருப்பும், இயல்பும் ஆளும், ஒப்புமை வழிப் பேச்சு ஆகிய ஆறையும் ஒவ்வொரு பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத முடியவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். பிறகு சும்மாவின் முதல் பாகத்தில் முதல் பதின்மூன்று வினாக்களை நாளுக்கு ஒரு பிரிவு என்று படியுங்கள். எதிர்வாதங்களைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று குறித்துவிட்டுத் திறவுங்கள். கடவுளைத் தூய அறிவால் நிறுவ முடியாது என்ற ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட்டையும் விட்டுவிடாதீர்கள். கடவுளை அறிவால் அறிய முடியும் என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870இல் அறிவித்தபோது யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவரைப் படிக்காமல் விளங்காது. அடிப்படை இறையியல் பாடம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தப் பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1551இல் தொடங்கிய உரோமைக் கல்லூரிதான் பின்னாளில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் பெயரைப் பெற்றது. அங்கே இறையியல் படித்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். இயேசு சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் மெய்யியலில் அரிஸ்டாட்டிலையும் இறையியலில் அக்குவினாரையும் பின்பற்றச் சொன்னது. நொபிலி அந்தத் திட்டத்தின் முதல் தலைமுறை மாணவர். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற பெரும் சண்டையில் அவர் எடுத்த வாதம், ஒரு செயலின் நோக்கம் சமூக அடையாளமா வழிபாடா என்று பிரித்துப் பார்ப்பது. அறநெறி இறையியல் வகுப்பில் செயல், நோக்கம், சூழ்நிலை என்று கற்பிக்கப்படும் அதே பகுப்பாய்வு. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அந்த அணுகுமுறை சாதி அடையாளங்களுக்கு இடம் கொடுத்தது என்ற விமர்சனம் இன்று வலுவாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த விமர்சனத்தையும் சரியாகச் செய்ய அவர் வாதத்தின் எலும்புக்கூடு தெரிந்திருக்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 25 மணி நேர உழைப்பு, ஆக ஆண்டுக்கு 1,500 மணி நேரம். வாரம் இரண்டு பாடவேளை நடக்கும் ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட், அதாவது 75 மணி நேரம். பன்னிரண்டு வாரத்தில் வகுப்பில் கழிவது 24 பாடவேளைதான். மீதி ஐம்பது மணி நேரம் நூலகத்திலும் அறையிலும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியது. பருவத்துக்குப் பத்துப் பாடம் என்றால் அந்த ஐம்பது ஐந்நூறாகிறது. நம் கல்லூரிகளில் வகுப்புக் குறிப்பே பாடம் என்று பழகியவர்கள் இங்கே சறுக்குவது இதனால்தான். பேராசிரியர் கொடுக்கும் அச்சுக் குறிப்புகளை மட்டும் படித்து எழுதினால் தேர்ச்சி கிடைக்கலாம். நூற்பட்டியலில் உள்ள இரண்டு நூல்களையாவது படித்த சாயல் விடையில் இல்லாவிட்டால் மதிப்பெண் ஏறாது. மதிப்பெண் பத்துக்கு. 6 தேர்ச்சி. அதற்கு மேல் சிறப்புத் தகுதிகள்: 7.6 முதல் ‘கும் லௌதே’ (பாராட்டோடு), 8.6 முதல் ‘மாஞ்ஞா’ (பெரும் பாராட்டோடு), 9.6 முதல் ‘சும்மா’ (மிக உயர்ந்த பாராட்டோடு).

மொழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாடம் நடப்பது இத்தாலியனில். தேர்வை ஆங்கிலம் உள்ளிட்ட வேறு சில மொழிகளிலும் எழுதலாம். அந்த வசதியை நம்பி இத்தாலியனை அரைகுறையாக விட்டுவிடுவது பெரிய இழப்பு. பெரும்பாலோர் கோடையில் பெருஜியாவிலோ உரோமையிலோ இரண்டு மூன்று மாதம் மொழிப் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கே கற்பிப்பது கடைக்குப் போக, இரயில் ஏற, நண்பரோடு பேசத் தேவையான மொழி. அக்டோபரில் திருச்சபை வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தால் பேராசிரியர் ‘நாக்குவே’, ‘ஸ்கிரிஸ்ஸே’, ‘மொரீ’ என்று போவார். பிறந்தார், எழுதினார், இறந்தார். பேச்சில் அருகிப்போன தொலை இறந்தகால வடிவங்கள் இவை. தொடக்க நிலைப் பயிற்சியில் இவற்றைத் தொடுவதே இல்லை. ஆகவே கோடையிலேயே இந்தக் கால வடிவத்தில் அடிக்கடி வரும் ஐம்பது வினைச்சொற்களைத் தனியாக எழுதிப் படித்துக்கொள்ளுங்கள். ‘இருந்தாலும்’, ‘ஆதலால்’, ‘என்ற அளவில்’ போன்ற இணைப்புச் சொற்களும் அப்படியே. வாதத்தின் திருப்பங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. தமிழர்களுக்கு ஒரு சௌகரியம்: இரட்டித்த மெய்யெழுத்து நம் காதுக்குப் பழக்கம். ‘செதே’ (தாகம்), ‘செத்தே’ (ஏழு) என்ற வேறுபாட்டுக்கு ஆங்கிலேயர் படும் பாட்டை நாம் பட வேண்டியதில்லை.

இலத்தீனும் விவிலியக் கிரேக்கமும் தவிர்க்க முடியாதவை. கிரேக்கத்தை யோவான் நற்செய்தியில் தொடங்குங்கள். சுமார் ஆயிரம் சொற்களுக்குள் முழு நூலும் அடங்கிவிடும், வாக்கியங்களும் குட்டையானவை. தினம் பத்துச் சொல் என்றால் நூறு நாளில் சொற்கள் முடிந்துவிடும். வாரக் கடைசியில் எழுபது சொல்லை மொத்தமாக விழுங்க நினைப்பவர்கள் கிறிஸ்துமசுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள். விவிலியத்தில் லிசென்சியேட் செய்யும் எண்ணம் இருந்தால் 1909இல் தொடங்கப்பட்ட விவிலிய நிறுவனம் தனி வழி. 2024 முதல் அது கிரகோரியனோடு இணைந்துவிட்டது. அங்கே லிசென்சியேட் மூன்று ஆண்டு. கிரேக்கமும் எபிரேயமும் ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு இல்லாவிட்டால் அதற்கு முந்தைய தயாரிப்புக் காலமும் சேரும்.

வாய்மொழித் தேர்வு பத்துப் பதினைந்து நிமிடம்தான். நம்மவர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். விடையை எப்படி அடுக்குவது என்பதற்கு இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஒரு வரிசை கொடுத்திருக்கிறது. குருத்துவப் பயிற்சி பற்றிய 1965ஆம் ஆண்டு ஆணையின் 16ஆம் பத்தி விவிலியத்தில் தொடங்கி, திருச்சபைத் தந்தையர் எனப்படும் முதல் நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள், கோட்பாட்டின் வரலாறு, பிறகு அக்குவினாரை ஆசானாகக் கொண்டு ஆழமான சிந்தனை என்று போகிறது. எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் படிகளில் இறங்குங்கள். முதல் நிமிடத்தில் பிரச்சினை என்ன என்று சொல்லுங்கள். அடுத்து ஒரு விவிலியப் பகுதி, ஒரு தந்தை, ஒரு சங்கம், ஒரு முறைப்படுத்திய விளக்கம், ஒரு இன்றைய கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று போதும். ஐந்து தந்தையரின் பெயரை அடுக்குவதைவிட ஒருவரின் வாதத்தை நேராகச் சொல்வது மேல். பேராசிரியர் நடுவில் குறுக்கிட்டால் கோபப்படுகிறார் என்று எண்ண வேண்டாம். அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அடுத்ததற்குப் போகிறார். முதல் சுற்றின் முடிவில் எல்லாப் பாடங்களையும் உள்ளடக்கிய கருத்துரைப் பட்டியல் ஒன்றின்மேல் முழுத்தேர்வு வரும். அதற்கு முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

லிசென்சியேட் ஆய்வேட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் தலைப்பு. ‘சைவ சித்தாந்தமும் கிறிஸ்தவ இறையியலும்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபதோ நூறோ பக்கத்தில் இரண்டு பெருங்கடலையும் எப்படி அடக்க முடியும்? அருளைப் பற்றி எழுத ஆசை என்றால் இப்படிக் குறுக்கலாம்: சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சுபக்கத்தின் எட்டாம் சூத்திரப் பகுதியையும், சும்மா இரண்டாம் பாகத்தின் முதற்பகுதியில் 109ஆம் வினாவையும் எடுத்துக்கொண்டு, ஆன்மா தானாக மெய்யறிவை அடைய முடியுமா என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்பது. அந்த வினாவில் பத்துப் பிரிவுகள். அதற்குள்ளும் முதல் பிரிவோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. இங்கேயும் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) என்ற மெய்யியல் அமைப்பை உள்ளிருந்து அறியாமல் ஒப்பிட்டால் மேலோட்டமான ஒற்றுமைகள்தான் மிஞ்சும். நெறியாளர் தமிழ் அறியாதவராக இருப்பார். ஆகவே பாடல்களை நீங்களே மொழிபெயர்த்து, உரைகாரர் எங்கே வேறுபடுகிறார் என்ற குறிப்போடு பின்னிணைப்பாக முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆவணங்கள். தாயகத்தில் படித்த குருமடம் ஒரு திருச்சபைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இணைப்பு இல்லையென்றால் ஆறாண்டு படித்திருந்தாலும் பாக்கலோரியாத் ஆகாது. கூடுதல் பாடங்களோ தகுதித் தேர்வோ தேவைப்படும். மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரமோ கிரெடிட்டோ இருக்க வேண்டும். வெறும் மதிப்பெண் மட்டும் இருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் பல. குருக்களுக்கும் துறவியருக்கும் ஆயர் அல்லது சபைத் தலைவரின் அனுமதிக் கடிதம். பொதுநிலையினருக்குத் திருச்சபை அதிகாரி ஒருவரின் பரிந்துரைக் கடிதம். பல்கலைக்கழகம் தரும் முன்பதிவுச் சான்றிதழோடு, தங்கும் செலவையும் மருத்துவச் செலவையும் யார் ஏற்கிறார்கள் என்ற பொறுப்பேற்புக் கடிதமும் சேர்ந்தால்தான் விசா நகரும். இத்தாலியில் இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் படிவத் தொகுப்பு வாங்கித் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள், அட்டை வரும்வரை அதுதான் உங்கள் ஆவணம்.

இந்தியாவுக்குத் திரும்பி அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்க விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். திருச்சபைப் பட்டம் திருத்தந்தையின் பெயரால் வழங்கப்படுவது. அது குருமடங்களிலும் திருச்சபைக் கல்வி நிறுவனங்களிலும் செல்லும். அரசுப் பணிக்கு அது தானாகச் செல்லுபடி ஆகிவிடாது. எனவே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் தத்துவத்திலோ, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற கிறிஸ்தவ ஆய்வுத் துறையிலோ முதுகலைப் பட்டம் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது பாதுகாப்பு. இதை உரோமைக்குப் போகும் முன்பே முடித்துவிடுவது எளிது. முனைவர் பட்டம் வரை போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வென்ற அன்றே எல்லாம் முடிந்துவிடாது. ஆய்வேட்டையோ அதன் முக்கியப் பகுதியையோ, தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களோடு அச்சிட்டு ஒப்படைத்த பிறகுதான் பட்டம் கைக்கு வரும். அச்சுச் செலவை முதல் ஆண்டுக் கணக்கிலேயே எழுதி வையுங்கள்.